கிணற்றடியும் நாட்டிய மேடையும்
(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)



நாட்டியக் கலையைப் பற்றி இம்மேடையில் நாம் பேச வேண்டும் என்று செயற்குழுவினர் பணித்தபோது, உண்மையில் திகைத்தோம். சதங்கை கட்டிய காலும் நமக்கில்லை. தாளம் தவறாத கையும் நமக்கில்லை. ஆண்டுதோறும் இதே மண்டபத்தில் பின்வரிசையில் அமர்ந்து, நம் தெருப் பெண்குழந்தைகள் ஆடுவதைக் கண்டு களித்தவர் என்ற ஒரு தகுதி மட்டுமே உண்டு. அத்தகுதியோடு, ஓர் அம்மையாரின் கலைத்தொண்டைப் பற்றியும், அதன் வழியே நம்மைப் பற்றியும் சில கூற விழைகிறோம்.

அவர் பெயர் மிருணாளினி சாராபாய். 1918-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞர் சுவாமிநாதன். தாயார், அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக வீற்றிருந்த அம்மு சுவாமிநாதன். நேதாஜியின் படையில் ஜான்சி ராணி பிரிவுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியை நம்மில் அறியாதார் இலர். அவருடைய தங்கையே மிருணாளினி. தமக்கை துப்பாக்கி ஏந்தினார். தங்கை சதங்கை கட்டினார். இருவரும் அஞ்சாமையில் ஒரே குடும்பத்தினர் என்பது இவ்வுரை முடிவதற்குள் விளங்கும்.

பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதமும், தகழி குஞ்சுக் குறுப்பிடம் கதகளியும் கற்றவர் அவர். இடையே சாந்திநிகேதனத்தில் கவி தாகூரின் நிழலில் இருந்து, அவருடைய நாட்டிய நாடகங்களில் பங்கு கொண்டார். பின்னர் நம் அண்டை நகரமாகிய பெங்களூருக்கு வந்து, நாட்டியக் கலைஞர் இராம்கோபாலோடு சேர்ந்து ஆடினார். அந்நகரில்தான், சர் சி. வி. இராமன் அவர்களின் கீழ் அண்டக் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்த விக்ரம் சாராபாய் என்னும் இளைஞரைச் சந்தித்தார். 1942-இல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

அண்டக் கதிர் என்றதும் நம் பெரியவர்கள் சிலர் நிமிர்ந்து உட்காருவதைக் காண்கிறோம். ஆம், அதே கதிர்தான். பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் நம் சுரங்கங்களின் ஆழத்தில் கருவிகளை நிறுத்திப் பல்லாண்டு காத்திருந்து, 1965-இல், காற்று மண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டது சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அல்லவா? அவர்களுடைய பெட்டிகளைக் கூண்டில் ஏற்றி இறக்கிய கைகள் நம்மவர் கைகள். இது பேச்சுக்குப் புறம்பானதுதான். ஆயினும் சொல்லாமல் கடந்து போக மனம் ஒப்பவில்லை.

திருமணத்திற்குப் பின் அம்மையார் குசராத்துக்குக் குடிபெயர்ந்தார். 1949-இல் கணவரும் மனைவியுமாக ஆமதாபாத்தில் ‘தர்ப்பணா’ என்னும் கலைக்கழகத்தை நிறுவினர். கேரளத்திலிருந்து வந்த சாத்துண்ணிப் பணிக்கர் என்னும் கதகளி ஆசான் பல்லாண்டு அங்கே துணை நின்றார். தமிழும் மலையாளமும் அறியாத பிள்ளைகள் தட்டுக்கழியின் ஓசைக்கு அடி பெயர்க்கக் கற்றனர். தர்ப்பணம் என்றால் கண்ணாடி. நந்திகேசுவரர் இயற்றிய அபிநய நூலின் பெயரிலும் அச்சொல் உண்டு. கண்ணாடியின் வேலை எதிரே நிற்பதைக் காட்டுவது. பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்த நம் போன்றவர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். நாம் கலையை ஊரிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய்ச் சாடிபோல் பரணில் வைத்திருக்கிறோம். திருவிழா வந்தால் இறக்குகிறோம்; சுவைத்துவிட்டு மீண்டும் மூடிவைக்கிறோம். மிருணாளினி அவ்வாறு செய்யவில்லை. தாம் வாழ வந்த மண்ணில் என்ன நடக்கிறது என்று அந்தக் கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தார்.

இலக்கியத்தை ஆடுவது நமக்குப் புதிதன்று. குறவஞ்சி தமிழகத்துக்கே உரிய நாட்டிய நாடகம். கலாக்ஷேத்திரத்தில் ருக்மிணி தேவி அவர்கள் 1944-இல் திருக்குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றியபோது, திரிகூடராசப்பக் கவிராயரின் நூல் ஏட்டிலிருந்து இறங்கி மீண்டும் நடமாடிற்று. அதில் தலைவியின் காதல் ஒரு பங்கு என்றால், குறத்தியின் மலைவாழ்வு மறு பங்கு. பள்ளு நூல்களில் உழவும் உண்டு, சக்களத்திச் சண்டையும் உண்டு. அன்றாட வாழ்வு நம் நாடக இலக்கியத்தின் முற்றத்தில் என்றும் உட்கார்ந்தே இருந்தது. நாமே அதைப் புழக்கடைக்கு அனுப்பிவிட்டோம்.

மிருணாளினி மேடையேற்றிய இலக்கியங்களுள் தாகூரின் ‘சண்டாளிகா’வை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1933-இல் உரைநாடகமாக எழுதி, 1938-இல் நாட்டிய நாடகமாக மாற்றினார் தாகூர். புத்தரின் சீடர் ஆனந்தர் வெயிலில் நடந்து களைத்து ஒரு கிணற்றடிக்கு வருகிறார். அங்கே பிரகிருதி என்னும் பெண் நீர் இறைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் நீர் கேட்கிறார். தான் தீண்டத்தகாதவள் என்று ஊரார் கூறுவதால் அவள் கொடுக்கத் தயங்குகிறாள். அவர் அதனைப் பொருட்படுத்தாமல் கையேந்துகிறார். ஒரு கை நீர்தான். அவள் உலகமே புரண்டுவிடுகிறது. தன்னை மனிதப்பிறவி என மதித்த அந்த ஒருவரையே அடைய வேண்டும் என்று வெறிகொண்டு, தாயை மந்திரம் ஓதத் தூண்டுகிறாள். அதனால் தாயையே இழக்கிறாள். இக்கதையை நாம் வங்கத்துக் கதை என்று ஒதுக்க முடியுமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டவர்கள் நம் முன்னோர். கிணற்றடியில் கையேந்தி நின்றும், நீர் மறுக்கப்பட்டும், வடார்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் மூட்டை முடிச்சோடு இங்கு வந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்! பிரகிருதியின் தயக்கம் எத்தகையது என்று நம் பாட்டிமார்களுக்கு எவரும் அபிநயம் பிடித்துக் காட்ட வேண்டியதில்லை.

இனி இலக்கியத்தை விட்டு வாழ்க்கைக்கு வருவோம். ‘மனுஷ்யா’ என்ற படைப்பில் கதகளியின் பெரிய முடியும் பச்சை வேடமும் இல்லை. தேவரும் அசுரரும் இல்லை. ஒரு சாதாரண மனிதன் பிறக்கிறான், வளர்கிறான், மணக்கிறான், மடிகிறான், அவ்வளவே கதை. கதகளியின் கையும் கண்ணும் மட்டும் அப்படியே இருந்தன. அரக்கனைக் காட்டிய கண், பால்குடி மறவாத குழந்தையைக் காட்டிற்று.

ஆனால் நாம் பெரிதும் சொல்ல விரும்புவது 1963-இல் அவர் அமைத்த ‘மெமரி’யைப் பற்றி. நினைவு என்பது அதன் பொருள். சௌராட்டிரப் பகுதியில் இளம் மருமகள்கள் மாண்டுபோகும் செய்திகள் நாளிதழ்களில் சிறு சிறு எழுத்தில் வந்துகொண்டிருந்தன. படிப்பவர்கள் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லி மறுபக்கம் திருப்பிவிடுவார்கள். வரதட்சிணைத் தடைச்சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது; சட்டம் வந்த பின்னும் செய்திகள் நிற்கவில்லை. அம்மையாரால் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. நூல்களில் தேடாமல், அந்தச் செய்தித்தாளிலிருந்தே தம் நாயகியை எடுத்தார்.

அதை அவர் ஆடிய முறைதான் வியப்புக்குரியது. வசனமும் பாட்டும் எழுதி வாங்கியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், நட்டுவனார் தட்டுக்கழியோடு சொல்லும் சொற்கட்டையே பேச்சின் இடத்தில் வைத்தார். ‘தா, தை, தித்தித் தை’ என்பவற்றுக்கு அகராதியில் பொருள் இல்லை. ஆனால் அதையே அதட்டிச் சொன்னால் மாமியார் கேட்கும் கேள்வி. அடுக்கிச் சொன்னால் சுற்றி நிற்பவர்களின் ஏச்சு. தேய்த்துச் சொன்னால் ஒரு பெண்ணின் மூச்சு. மொழி அறிந்தவர் மட்டும் அழ வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று.

பரதத்தின் பழைய இலக்கணம் இத்தகைய துயரத்துக்கு இடம் கொடுக்குமா என்று ஐயுறுவோர் உண்டு. அவர்களுக்காக ஒரு முத்திரையைக் கூறுவோம். கத்தரிக்கோலின் வாய்போல் இரு விரல்களை விரித்துக் காட்டும் கர்த்தரீமுகம் என்பது நம் குழந்தைகள் தொடக்க வகுப்பிலேயே கற்பது. அதற்கு அபிநய தர்ப்பணம் கூறும் பயன்களுள் நான்கைக் கேளுங்கள்: கணவன் மனைவியர் பிரிவு, மரணம், மின்னல், வீழ்ச்சி. ஒரே கை! அந்நூலாசிரியர் சுரங்கத்தைக் கண்டிருக்க மாட்டார். ஆனால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கத்தின் வாசலில் வாழ்ந்த நமக்கு, அந்த நான்கும் ஒரே நாளில் ஒரே வீட்டில் நிகழக்கூடியவை என்பது தெரியும். இலக்கணத்தில் இடம் இருக்கிறது. நமக்குத்தான் எடுத்தாளத் துணிவில்லை.

சமூகக் கருத்து இருந்தாலே நாட்டியம் உயர்ந்துவிடும் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா. குடியின் தீமையைக் காட்டுவதாகச் சொல்லி, அட்டையில் செய்த ஆளுயரப் புட்டி ஒன்று மேடையில் சுற்றிச் சுற்றி ஆடியதை நாம் ஒருமுறை கண்டோம். பார்த்தவர்கள் புட்டியைத்தான் பெரிதும் பாராட்டினார்கள். மிருணாளினியின் படைப்பு உபதேசமாகாமல் நின்றதற்குக் காரணம், கலையின் கட்டுப்பாட்டை அவர் இம்மியும் தளர்த்தாததே. அரைமண்டி அரைமண்டியாகவே இருந்தது. தாளம் தாளமாகவே இருந்தது.

இப்பொழுது நம் கதைக்கு வருகிறோம். இதைக் கூறவே இவ்வளவு சுற்றினோம் என்றாலும் தவறில்லை.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே தோண்டத் தொடங்கினர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் ஒரு விழாவின்போது, நம் லைன் பெண்கள் அறுவர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பத்தோடு வந்தனர். அபாயச் சங்கு ஊதியதும் தாய்மார்கள் ஷாஃப்ட் வாசலில் கூடி நின்று காத்திருக்கும் காட்சியைத் தாமே நாட்டியமாக அமைத்திருப்பதாகவும், பத்து நிமிடம் வேண்டும் என்றும் கேட்டனர். அப்போது செயற்குழுவில் நாமும் இருந்தோம். ‘ஆண்டுவிழா மங்கல விழா, ஏற்கெனவே வேலை போய் வாடியிருக்கும் முகங்களை மேலும் அழ வைப்பதா?’ என்று கேட்டோம். மயில் நடனம் ஆடச் சொன்னோம். அவர்களும் மறுபேச்சின்றி ஆடினார்கள். நன்றாகவே ஆடினார்கள். நாம் கைதட்டினோம்.

அந்தக் கைதட்டல் இன்றுவரை நம் காதில் உறுத்துகிறது. கற்களின் தூளை நெஞ்சில் சுமந்து இருமியே மாண்டவர்களின் பிள்ளைகள் நாம். சிலிகோசிஸ் என்ற நோயை இந்நாட்டில் முதன்முதல் நம் சுரங்கத்தில் கண்டதாக 1947-இலேயே எழுதிவைத்தார்கள். மருத்துவர் எழுதினார், பொறியாளர் எழுதினார், விஞ்ஞானி எழுதினார். வாசலில் நின்ற பெண்ணைப் பற்றி மட்டும் நம் வீட்டுப் பெண்கள் ஆட வந்தபோது, நேரமில்லை என்று நாமே சொல்லிவிட்டோம்.

அந்த அறுவரும் மணமாகி வெவ்வேறு ஊர் சென்றுவிட்டனர். ஒருவர் மட்டும் இங்கேயே இருக்கிறார். விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டியபின் திரும்பும் நம் ஆயிரக்கணக்கானவர்களுள் அவரும் ஒருவர். சென்ற ஆண்டு அவர் இல்லத்துக்குச் சென்று, அந்த நாட்டியத்தை மீண்டும் அமைத்துத் தர இயலுமா என்று கேட்டோம். அவர் உடனே ஒப்பவில்லை. மூன்று முறை நடக்க வேண்டியிருந்தது. நியாயந்தான்.

2016-ஆம் ஆண்டு சனவரி 21-ஆம் நாள் மிருணாளினி அம்மையார் தம் 97-ஆம் வயதில் மறைந்தார். தாயின் உடலருகே மகள் மல்லிகா நின்று நடனமாடி விடைகொடுத்ததை நாடே கண்டது. அதைச் சிலர் குறையும் கூறினர். சாவு வீட்டில் கை தட்டிச் சுற்றிவந்து மாரடித்துப் பாடும் வழக்கமுள்ள நம் தாய்மார்களுக்கு அது அத்துணை விந்தையாகத் தோன்றவில்லை.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக உள்ளது அந்த நாட்டியம். ஆறு ஞாயிறுகள் நம் மண்டபத்திலேயே ஒத்திகை நடந்தது. நான்காம் ஞாயிறன்று, சுரங்க விபத்தில் கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் பேத்தியை அழைத்துச் செல்ல வந்து, கதவோரம் நின்று பார்த்தார். சங்கு ஊதும் இடத்தில் பிள்ளைகள் தலையிலும் மார்பிலும் அறைந்துகொண்டு ஆடினர், மிருதங்கம் முழங்கிற்று. முடிந்ததும் அவர் உள்ளே வந்து, “அப்படி இல்ல கண்ணு. அழுவறதுக்கு அன்னிக்கு யாருக்கு நேரம் இருந்திச்சி? கூண்டு மேல வர்ற சத்தத்தையே கேட்டுனு நின்னோம்” என்றார்.

மறுவாரமே அந்தப் பகுதியை மாற்றிவிட்டார்கள். அங்கே மிருதங்கம் நிற்கும், கால்களும் நிற்கும். விளக்கோ ஒலிபெருக்கியோ பழுதாகிவிட்டது என்று எண்ணி எவரும் எழுந்துவிட வேண்டா என்று அறிவிக்குமாறு பிள்ளைகள் நம்மைக் கேட்டுக்கொண்டனர். அவர்கள் சதங்கை கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.