தராசில் ஏற்றும் முன்னே



வீட்டை இடித்துக் கட்டும்போதும் பாகம் பிரிக்கும்போதும் பரணிலிருந்து இறங்கும் பித்தளைச் சாமான்கள் நேரே பழைய பாத்திரக் கடைக்குத்தான் போகின்றன. ஒரு காலத்தில் ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். இன்று ரொக்கம் தருகிறார்கள். இரண்டிலும் கணக்கு எடைக் கணக்குதான். வேலைப்பாட்டுக்கு அதில் ஒரு பைசாவும் கிடையாது. ஆகவே, தராசில் ஏற்றும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று இன்று சொல்கிறேன்.

முதலில் உலோகம். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம். நல்ல வெண்கலத்தைத் தட்டினால் கணீரென்ற ஓசை நீண்டு அடங்கும். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, வெளியே முலாம். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாதுதான்; ஆனால் கையில் தூக்கினாலே தெரிந்துவிடும். அதே அளவு பித்தளை அதைப்போல மூன்று மடங்கு கனக்கும்.

அடுத்தது, செய்த விதம். தஞ்சாவூர் கலைத்தட்டையே எடுத்துக்கொள்வோம். சரபோஜி மன்னர் காலத்தில் பிறந்த கலை என்று சொல்லப்படுவது இது. அடித்தட்டு பித்தளை, மேலே செம்பிலும் வெள்ளியிலும் புடைத்து நிற்கும் உருவங்கள். வெள்ளித் தகட்டை அச்சில் வைத்துத் தட்டி உருவம் எடுப்பார்கள். பின்பக்கக் குழிவில் அரக்குக் கலவையை நிரப்பி, அடித்தட்டில் உளியால் வெட்டிய காடியில் தகட்டின் ஓரத்தைச் செருகி இறுக்குவார்கள். ஆகவே தட்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்து மயில் பின்பக்கத்திலும் குழிவாகத் தெரிந்தால், ஒரே தகட்டை இயந்திரத்தில் அழுத்திய மலிவுச் சரக்கு அது. பின்பக்கம் வழவழப்பாக இருந்து, உருவத்தின் ஓரம் தட்டுக்குள் கடித்து நின்றால், கைவேலை.

குத்துவிளக்குக்கும் இதே கண் வேண்டும். கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் விளக்கின் பாகங்களைத் தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரை போட்டுச் சேர்ப்பார்கள். பழைய விளக்கில் ஏதாவது ஒரு பாகம் மட்டும் வேறு நிறமாக இருந்தாலோ, மரை சரியாகப் பிடிக்காமல் ஆடினாலோ, அந்தப் பாகம் பின்னால் மாற்றப்பட்டது. விலையும் அதற்கேற்பக் குறையும்.

மூன்றாவது, எழுத்து. சீர்ப் பாத்திரங்களில் பேர் வெட்டிக் கொடுப்பது நம் வழக்கம். அங்கே ‘பிரபவ’ என்று தமிழ் வருடம் இருந்தால், 1867, 1927, 1987 ஆகிய மூன்றில் தொடங்கிய ஏதோ ஒரு வருடம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறைதானே அந்தப் பெயர் திரும்பி வருகிறது! கூடவே லை, னை போன்ற எழுத்துகள் பழைய கொம்பு வடிவில் இருந்தால், அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய கையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெள்ளிச் சாமான் என்றால் அடியில் முத்திரையைத் தேடுங்கள். சென்னை பி. ஓர் அண்டு சன்ஸ் கடையின் பெயர் பொறித்த, சாமி உருவங்கள் நிறைந்த பழைய தேநீர்க் கெண்டிகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

பழசு என்று ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ரசாயனம் பூசிப் பச்சைக் களிம்பு ஏற்றிவிடுவார்கள். அந்தக் களிம்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் துணியில் ஒட்டிக்கொண்டு வரும். உண்மையான தேய்மானம் கைபடும் இடத்திலும் உராயும் இடத்திலும்தான் இருக்கும்: செம்பின் கழுத்து, விளக்கின் திரி முனை, தரையில் உராயும் அடிவிளிம்பு.

விலை என்று வரும்போது வயது மட்டும் போதாது. வேலைப்பாடு, முழுமை, அபூர்வம், யாரிடமிருந்து வந்தது என்ற வரலாறு, இவை நான்கும் சேர்ந்துதான் விலை. நாலு கிலோ சாதாரண அண்டாவைவிட, கால் கிலோ வெற்றிலைப் பெட்டி அதிகம் பெறலாம். விலை கேட்கப் போகும் முன் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். காலம் ஏற்றிய நிறம் அத்தோடு போய்விடும். சேகரிப்பாளர் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. அந்த வயதுடைய உலோகச் சிலை வீட்டில் இருந்தால் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும்.

ஆகவே நேயர்களே, பரணைக் காலி செய்யும்போது அவசரப்படாதீர்கள். ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள், அடியில் உள்ள எழுத்தைப் படம் எடுத்து வையுங்கள், விவரம் தெரிந்த இரண்டு பேரிடமாவது காட்டுங்கள். உருக்கிய பொருளை மறுபடி வாங்க எந்தக் கடையும் இல்லை.