வரவுப் பதிவேட்டில் இல்லாத பெயர்



காலையிலிருந்து வெயிலில் காத்து நின்று உள்ளே வந்த உம்மா வாப்பாமாரே, அம்மா அப்பாமாரே, இன்றைய பட்டதாரிகளே!

இந்த மண்டபத்தை விட்டு வெளியேறி, மேலங்கியைக் கழற்றுவதற்கு முன்பே உங்களிடம் ஒரு கேள்வி வரும். மாமி கேட்பார், பக்கத்து வீட்டு ராத்தா கேட்பார், பள்ளிவாசல் வாசலில் வாப்பாவின் கூட்டாளி கேட்பார்: "உத்தியோகம் எப்ப?" நம் கிழக்குக் கரையோரத்தில் உத்தியோகம் என்றால் அரச உத்தியோகம்தான். மருதமுனையில் தறி நெய்பவரும் சம்மாந்துறையில் வேளாண்மை செய்பவரும் கல்முனைக் கடைத்தெருவில் யாவாரம் பார்ப்பவரும் ஊர்க் கணக்கில் "இன்னும் ஒண்டும் சரிவரல்ல" என்ற பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு ஓர் உதைபந்தாட்டக்காரரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பட்டமளிப்பு மேடையில் பந்தைப் பற்றியா என்று முன்வரிசையில் சில புருவங்கள் உயர்வது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் முஹம்மத் ஹபீப். 1949 ஜூலை 17ஆம் திகதி ஹைதராபாத்தில் பிறந்தவர். 1966இல், மீசை சரியாக அரும்பாத வயதில், கல்கத்தாவுக்குப் போய் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். 1980களின் தொடக்கம் வரை ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முஹம்மதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெரிய கழகங்களுக்கும் மாறி மாறி ஆடினார். ஆள் உயரமில்லை. தாக்குதல் வரிசைக்கும் நடுக்களத்துக்கும் இடைப்பட்ட வெளிதான் அவருடைய இடம். பந்து தன்னிடம் வரட்டும் என்று நிற்கிற பழக்கம் கிடையாது. பின்னால் ஓடி வந்து பறித்து, முன்னால் கொண்டுபோய் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, திரும்பவும் ஓடுவார். கல்கத்தா அவரைப் 'படே மியான்', பெரியவர், என்று அழைத்தது. தம்பி அக்பரும் அதே அணிகளில் ஆடியவர். 1976ஆம் ஆண்டுக் கல்கத்தா லீக்கில், மோகன் பகானுக்காக ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக, ஆட்டம் தொடங்கிப் பதினேழாவது விநாடியில் கோல் போட்டவரும் அவர்தான்.

அந்தக் காலத்து இந்திய உதைபந்தாட்டத்தில் எல்லா வீரர்களும் காகிதத்தில் அமெச்சூர்கள். கழகம் கையில் ஏதோ கொடுக்கும். மாதாந்த வருமானத்துக்கு வங்கி, ரயில்வே, துறைமுகம், சுங்கம் ஆகியவை வீரர்களை உத்தியோகத்தில் சேர்த்துக்கொள்ளும். பதிவேட்டில் பெயர் இருக்கும், மேசையில் வேலை இருக்காது. மைதானத்தில் கால் ஓய்ந்த பிறகும் சம்பளம் வரும், அதன்பின் ஓய்வூதியமும் வரும். யாரும் அதைக் குறை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

ஹபீபுக்கும் அப்படியான வேலைகள் வந்தன. அவர் எடுக்கவில்லை. பந்து விளையாடுவதுதான் என் தொழில், அதற்கு மட்டும்தான் கூலி வாங்குவேன் என்கிற முடிவு அது. இந்தியாவின் முதல் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர் என்று அவரைச் சொல்வது இதனால்தான். அந்த நாட்டின் தேசிய லீக் 1996இல்தான் தொடங்கியது. அதாவது தொழில் என்று ஒன்று அமைவதற்கு முன்பே அவர் அந்தத் தொழிலைச் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாகக் கையெழுத்து. ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாகத் தன்னை நிரூபிக்க வேண்டும். எதிர்க்கழகம் தட்டிக்கொண்டு போய்விடும் என்று பயந்து, கையெழுத்து நாள் வரைக்கும் வீரர்களை ரகசிய வீடுகளில் ஒளித்து வைத்த கதைகள் கல்கத்தாவில் ஏராளம். அந்த ஊரில் கழகச் சட்டை மாற்றுவது சின்ன விடயமல்ல. ஆனாலும் இவர் எந்தச் சட்டையைப் போட்டாரோ அந்தச் சட்டைக்காரர்கள் இவரைத் தங்கள் ஆளாகவே வைத்திருந்தார்கள். முழுமையாக ஆடிய ஒருவரை வெறுப்பது இரசிகர்களுக்கும் சிரமம் போலும்.

1977 செப்டம்பர் 24. கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். நியூயோர்க் கொஸ்மொஸ் அணி மோகன் பகானோடு ஆட வந்தது. அணியில் பெலே. ஒக்டோபர் 1ஆம் திகதி அவருடைய கடைசி ஆட்டம், ஒரு வாரம்தான் இருந்தது. 1970இல் உலகக் கிண்ணத்தைத் தூக்கிய பிரேசில் தலைவர் கார்லோஸ் அல்பேர்ட்டோவும் கூட இருந்தார். மழையில் மைதானம் சேறாகிக் கிடந்தது. ஆட்டம் 2-2. மோகன் பகானின் ஒரு கோல் ஷியாம் தாப்பாவினுடையது, மற்றது ஹபீபினுடையது. கொஸ்மொஸ் சமப்படுத்தியது ஒரு பெனால்டியில். அது கொடுத்தது சரியா என்ற வாக்குவாதம் கல்கத்தாவில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அந்த ஆண்டே மோகன் பகான் ஐஎப்ஏ கேடயம், ரோவர்ஸ் கிண்ணம், டூரண்ட் கிண்ணம் மூன்றையும் வென்றது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1970 பாங்கொக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியிலும் ஹபீப் இருந்தார். அதன் பிறகு ஆசிய விளையாட்டு உதைபந்தாட்டத்தில் இந்தியாவின் ஆண்கள் அணிக்குப் பதக்கமே இல்லை.

உடனே வாப்பாமார் பதற வேண்டாம். நியமனக் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்ல நான் வரவில்லை. அந்த 1977 அணியின் பயிற்றுவிப்பாளர் பி.கே. பானர்ஜியையே பாருங்கள். விளையாடிய காலத்தின் பெரும்பகுதி அவர் கிழக்கு ரயில்வே ஆள். மூன்று பெரிய கழகங்கள் எதற்கும் அவர் ஆடியதில்லை. ஆனால் அந்த ரயில்வே அணியை 1958இல் கல்கத்தா லீக் வெல்ல வைத்தார். உத்தியோகம் பார்த்தும் ஒரு மனிதர் முழுமையாக உழைக்கலாம். பானர்ஜிக்குக் கற்றுக் கொடுத்தவர் சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்காரர், உஸ்மானியாப் பல்கலைக்கழகப் பட்டதாரி, பாடசாலை ஆசிரியராக இருந்தவர். 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவை நான்காம் இடத்துக்கும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கத்துக்கும் கொண்டுபோனார். பீட்டர் தங்கராஜ் என்ற தமிழ்ப் பெயர் கொண்ட கோல் காப்பாளரும் அந்த அணியில் இருந்தார். ஜகார்த்தாவுக்குப் போகும்போதே ரஹீமுக்குப் புற்றுநோய். அடுத்த வருடம் காலமானார். கலைப்பீடத்தில் படித்து "இதை வைத்து என்ன செய்ய" என்று யோசித்துக் கொண்டிருக்கும் பிள்ளைகள் ரஹீம் ஸாஹிபை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

காகித உத்தியோகம் நம் பக்கத்துக்கு மட்டும் உரிய வியாதியுமல்ல. ருமேனியாவில் லாஸ்லோ போலோனி என்ற நடுக்கள வீரர் இருந்தார். கம்யூனிச ஆட்சிக் காலத்தில் அவர் அதிக காலம் ஆடிய இரண்டு கழகங்களும் இராணுவத்தின் கழகங்கள். அங்கே ஆட்டக்காரர்கள் காகிதத்தில் படையினர். போலோனி அந்தக் காகிதத்தோடு நிற்காமல் பல் வைத்தியம் படித்துப் பட்டமும் பெற்றார். 1986இல் ஸ்டெவா அணியோடு ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்துக்குப் போனார். பார்சிலோனாவுக்கு எதிராகப் பெனால்டி உதைகளில் அவர் உதைத்தது தவறியது. சக வீரர் டுகாடம் நான்கு உதைகளைத் தடுத்ததால் கிண்ணம் கிடைத்தது. பிறகு பயிற்றுவிப்பாளராகிப் போர்த்துக்கல்லில் ஸ்போர்ட்டிங் அணியை 2002இல் சம்பியனாக்கினார். அதே ஆண்டு பதினேழு வயதுப் பையன் ஒருவனைப் பெரியவர்களின் ஆட்டத்தில் இறக்கினார். அந்தப் பையன் கிறிஸ்டியானோ ரொனால்டோ. பல் வைத்தியப் பட்டம் வீணாய்ப் போனதா என்று போலோனியின் மாமி கேட்டிருப்பாரோ என்னவோ.

இப்போது நமது கந்தோர்களுக்கு வருவோம். 2020இல் இலங்கை அரசாங்கம் பட்டதாரிப் பயிலுநர்களை எடுத்தது, மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாய். பிரதேச செயலகங்களில் கதிரை போதவில்லை. நல்ல மூளையுள்ள பிள்ளைகள் காலையில் கையெழுத்திட்டுவிட்டு பின்னேரக் கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பிழை அல்ல அது. வேலை கேட்டவர்களுக்கு வேலையைக் கொடுக்காமல் பதிவேட்டை மட்டும் கொடுத்தவர்களின் பிழை. அப்படி ஒரு கதிரையில் நீங்களும் போய் உட்கார நேரலாம். நேர்ந்தால், உங்கள் பாடத்துக்கு அந்தப் பிரதேசத்தில் என்ன வேலை இருக்கிறது என்று நீங்களே தேடி எடுத்து மேலதிகாரியின் மேசையில் வையுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் நாளைக்கும் வையுங்கள்.

ஹபீப் ஆட்டத்தை நிறுத்திய பிறகு பயிற்றுவிக்கப் போனார். ஜம்ஷெட்பூரில் 1987இல் தொடங்கிய டாட்டா உதைபந்தாட்டப் பயிற்சிக்கூடத்தில் பையன்களுக்குக் கற்றுக் கொடுத்தார். ஹல்தியாவிலும் இளையவர்களோடு வேலை செய்தார், முஹம்மதன் ஸ்போர்ட்டிங் அணிக்கும் பயிற்சி கொடுத்தார். வீரராக ஒலித்த பெயர் பயிற்றுவிப்பாளராக அந்த அளவுக்கு ஒலிக்கவில்லை. பதினைந்து வயதுப் பையனின் இடது காலைத் திருத்துவதற்கு ஈடன் கார்டன்ஸ் கூட்டம் வந்து கைதட்டாது. ஆசிரியராகப் போகிறவர்களுக்கு இது விளங்கும். இன்றைக்குப் பட்டம் வாங்கியவர்களில் அந்த வழியில் போகப் போகிற பெண் பிள்ளைகள் நிறையப் பேர் என்பதால் அவர்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

கடைசிக் காலத்தில் ஹபீபுக்கு நினைவு தடுமாறியது, பார்க்கின்சன் நோயும் பிடித்தது. 2023 ஓகஸ்ட் 15ஆம் திகதி, இந்தியாவின் சுதந்திர தினத்தன்று, ஹைதராபாத்தில் மௌத்தானார். வயது 74. ஓய்வூதியம் தருகிற உத்தியோகத்தை வேண்டாம் என்பதற்கு ஒரு விலை உண்டு. அதை இங்கே இருக்கிற பெற்றோர் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள், அவர்கள் பேச்சையும் கேளுங்கள்.

ஆசிரியர் நியமனம் பெற்றுப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. சாய்ந்தமருதோ நிந்தவூரோ அக்கரைப்பற்றோ பொத்துவிலோ, எந்தப் பாடசாலைக்குப் போனாலும் அதிபரிடம் பேசி, அஸருக்குப் பிறகு மஃரிப் வரைக்கும் மைதானத்துக் கேட்டைத் திறந்து வையுங்கள். கிழமையில் இரண்டு நாள் பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். பந்து வாங்கக் காசு போதாவிட்டால் பழைய மாணவர் சங்கத்திடம் கேளுங்கள். தர மாட்டோம் என்றால் என்னிடம் வாருங்கள், நானும் கூட வந்து கேட்கிறேன்.