கேமரா கோட்டைக்கு உள்ளேயா, வெளியேயா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கையில் ஒரு செருப்புப் பெட்டியோடு வந்து நிற்கிறேன். உள்ளே இருப்பவை பிளாஸ்டிக் சிப்பாய் பொம்மைகள். நாற்பது வயதைத் தாண்டியவர் பொம்மை சேர்க்கிறாரா என்று உங்களுக்குச் சிரிப்பு வருவது தெரிகிறது. என் வீட்டிலும் அதே சிரிப்புதான். ஆனால், இந்தப் பொம்மைகளால் என் வகுப்பறையில் நான் தலைகுனிந்து நின்ற ஒரு நாள் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் பொம்மைகளைப் பற்றிக் கொஞ்சம். 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவரின் நிறுவனம், உள்ளே வெற்றிடமாக இருக்கும்படி ஈயச் சிப்பாய்களை வார்த்து விற்கத் தொடங்கியது. ஈயம் மிச்சமானதால் விலை குறைந்தது. நடுத்தர வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு படை கிடைத்தது. ஈயம் நஞ்சு என்பதால் பழைய ஈயப் பொம்மை கிடைத்தால் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். 1938 வாக்கில் அமெரிக்காவில் பிளாஸ்டிக் சிப்பாய்கள் வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவையே கடைகளை நிறைத்தன.

சேகரிப்பவர்களிடையே புழங்கும் ஒரு பொதுவான அளவு 54 மில்லிமீட்டர். 173 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதரை 32ஆல் வகுத்துப் பாருங்கள், 5.4 சென்டிமீட்டர் வரும். விகிதம் நடத்தும் கணக்காசிரியர்கள் ஒரு பொம்மையையும் ஓர் அளவுகோலையும் எடுத்துச் சென்றால் போதும்.

1950களில் அமெரிக்காவின் லூயி மார்க்ஸ் நிறுவனம் தனித்தனிச் சிப்பாய்களாக விற்காமல், ஒரு வரலாற்றுக் காட்சியையே பெட்டியில் அடைத்து விற்றது. கோட்டை, குதிரைகள், எதிரிகள் எல்லாம் ஒரே பெட்டியில். அவற்றில் மிகவும் புகழ்பெற்றது ‘ஃபோர்ட் அப்பாச்சி’. மரக்கோட்டைக்குள் நீலச் சட்டைக் குதிரைப்படை, வெளியே அம்பும் கோடரியுமாகப் பழங்குடியினர். பழைய முழுப்பெட்டியின் விலை என் சம்பளத்துக்கு எட்டாது. பின்னாளில் அதே மாதிரியில் வார்த்த உதிரிப் பொம்மைகளை ஒரு பழைய பொருள் கடையில் வாங்கினேன். வளைந்த துப்பாக்கிகளைச் சுடுநீரில் சற்று நேரம் வைத்து நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போட்டுச் சரிசெய்தேன். கோட்டைச் சுவர் ஐஸ்கிரீம் குச்சியில் நானே கட்டியது.

பிறகு படம் எடுக்கும் வேலை. பொம்மையை நின்றபடி மேலிருந்து எடுத்தால் பொம்மையாகத்தான் தெரியும். செல்பேசியைத் தரையோடு தரையாக, பொம்மையின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். ஒரு கைப்பிடி மணலைத் தூவினால் ஐந்து சென்டிமீட்டர் சிப்பாய் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்பான். விடுமுறை நாள்களில் மொட்டைமாடியில் குப்புறப் படுத்து இப்படி நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்திருக்கிறேன்.

அந்தப் படங்களில் சிலவற்றை எட்டாம் வகுப்பில் காட்டினேன். பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“சார், இவங்க யாரு?”

“இந்தியர்கள்ம்மா” என்றேன்.

“நம்ம ஆளுங்களா சார்?”

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். இந்தியாவை அடைந்துவிட்டதாகக் கொலம்பஸ் தவறாக நினைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது என்று விளக்கினேன். அவள் உட்காரவில்லை.

“எல்லாப் படத்தையும் கோட்டைக்கு உள்ளே இருந்தே எடுத்திருக்கீங்களே சார், ஏன்? அவங்க வீடு எங்கே?”

என்னிடம் பதில் இல்லை. “நேரமாச்சு, உட்காரும்மா” என்று சொல்லிப் பாடப்புத்தகத்தைத் திறந்தேன். அந்த வார்த்தை இன்றும் என்னை உறுத்துகிறது.

அன்று இரவு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. ஒன்றுவிடாமல் எல்லாப் படத்திலும் கேமரா குதிரைப்படையின் தோளுக்குப் பின்னால்தான் இருந்தது. இருபது ஆண்டுகளாக வரலாறு நடத்துகிறவன் நான். யாரும் சொல்லாமலே ஒரு பக்கம் போய் நின்றிருக்கிறேன்.

அதன் பிறகுதான் உண்மையான ஃபோர்ட் அப்பாச்சியைத் தேடிப் படித்தேன். அது அரிசோனா மாநிலத்தில் ஒயிட் மவுண்டன் அப்பாச்சி மக்களின் நிலத்தில், 1870இல் ராணுவ முகாமாகத் தொடங்கியது. அம்மக்களில் பலர் அந்த ராணுவத்திலேயே வழிகாட்டிகளாகப் பணியாற்றினார்கள். என் பொம்மைகளில் அப்படி ஒருவர்கூட இல்லை. பொம்மைத் தொகுப்பில் இருந்த கூம்புக் கூடாரம் சமவெளி மக்களுடையது. செதுக்கிய கம்பமோ தொலைவில் உள்ள வடமேற்குக் கடற்கரை மக்களுடையது. அப்பாச்சி மக்கள் வாழ்ந்தது, கம்புகளை வளைத்துக் கட்டிப் புல்லும் தழையும் வேய்ந்த குவிமாடக் குடிசைகளில். அந்தக் குடிசைக்குத்தான் தொகுப்பில் இடமில்லை.

இன்னொரு செய்தி ஆசிரியர்களான நம்மை நேராகத் தொடுவது. 1922இல் ராணுவம் வெளியேறியது. மறு ஆண்டே அந்தக் கட்டடங்களில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி திறக்கப்பட்டது. அக்காலத்து அமெரிக்க அரசின் உறைவிடப் பள்ளிகள் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தன, முடியை வெட்டின, தாய்மொழியில் பேசினால் தண்டித்தன. அங்கே துப்பாக்கி விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தது பள்ளிக்கூடம். இதைப் படித்தபோது, “நேரமாச்சு, உட்காரும்மா” என்ற என் குரல் மறுபடியும் காதில் விழுந்தது. இன்று அங்கே அந்த மக்களே தங்கள் பண்பாட்டு மையத்தையும் அருங்காட்சியகத்தையும் நடத்துகிறார்கள்.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவியிடம், “நேற்று உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் உட்காரச் சொன்னேன்” என்று சொன்னேன். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். பிறகு பெட்டியை அவர்களிடமே கொடுத்துவிட்டேன்.

கேள்வி கேட்கும் பிள்ளையால் பொம்மை உலகமே மாறும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பச்சை நிறச் சிப்பாய்ப் பொம்மைகளில் ஏன் பெண்கள் இல்லை என்று கேட்டு 2019இல் அமெரிக்காவில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பொம்மை நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினாள். அவளுடைய குடும்பத்தை அறிந்த பெண் ஒருவர் ராணுவத்தில் இருந்தார். பிஎம்சி டாய்ஸ் என்ற சிறு நிறுவனம் அந்தக் கடிதத்தை ஒதுக்கித் தள்ளவில்லை. பெண் சிப்பாய்களின் வார்ப்புகளைச் செய்து 2020இல் வெளியிட்டது.

நீங்கள் பொம்மை வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. களிமண் போதும். பாடத்தில் வரும் ஒரு போரையோ, ஒரு சந்தையையோ பிள்ளைகள் செய்யட்டும். பிறகு மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். இதில் யார் இருக்கிறார்கள்? யார் விடுபட்டார்கள்? நாம் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம்? மூன்றாவது கேள்விக்கு, செல்பேசியைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, ஒரே காட்சியை இரண்டு பக்கமிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் பக்கச்சார்பு என்ற சொல்லுக்கு விளக்கமே தேவைப்படாது.

எங்கள் வகுப்புச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. தென்னை ஈர்க்குகளை வளைத்து, வைக்கோல் வேய்ந்த ஒரு சிறு குடிசை. அதன் வாசலில் ஒரு களிமண் பெண்ணும் குழந்தையும். தூரத்தில், மங்கலாக, என் ஐஸ்கிரீம் குச்சிக் கோட்டை. குடிசையைக் கட்டியதும் படத்தை எடுத்ததும் அந்தக் கடைசி வரிசை மாணவிதான். படம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நான் அதைத் திருத்தவில்லை.