பாடம் நடத்தும் டாக்டருக்கும் பயிற்சி வேண்டும்



ஈப்போவுக்கு அருகே உலு கிந்தாவில் ஆசிரியர் கல்விக் கழகத்தின் வளாகம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கப் போகிறவர் இத்தகைய இடங்களில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெறுகிறார். வகுப்பில் நின்று பழகுகிறார். பின்வரிசையில் விரிவுரைஞர் உட்கார்ந்து, அவர் பாடம் நடத்துவதைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார். சரி, நாளை நமக்கு அறுவை செய்யப் போகிற மாணவருக்கு வார்டில் சொல்லிக் கொடுப்பவர் யார்? ஒரு டாக்டர். கைராசிக்காரராக இருப்பார், வெளிநாட்டில் நிபுணத்துவம் பெற்றவராகவும் இருப்பார். ஆனால் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று அவருக்கு யாரேனும் சொல்லிக் கொடுத்தார்களா? உலகின் பெரும்பாலான நாடுகளில் நெடுங்காலம் இந்தக் கேள்வியே எழவில்லை. இத்தனைக்கும் 'டாக்டர்' என்ற சொல், கற்பித்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது!

இது டாக்டர்களின் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று அலைவரிசையை மாற்றிவிடாதீர்கள். பேராக் அரச மருத்துவக் கல்லூரி, குவெஸ்ட் அனைத்துலகப் பல்கலைக்கழகம் என்று ஈப்போவிலேயே மருத்துவம் படிக்க இடம் உண்டு. சேமநிதியில் கை வைத்துப் பிள்ளையை மருத்துவத்துக்கு அனுப்பும் பெற்றோர் நம்மில் எத்தனை பேர்! இன்னொரு பக்கம், கட்டிலில் படுத்திருப்பவரும் நம்மவர்தான். சுங்கை சிப்புட்டிலோ கோலகங்சாரிலோ பால் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் துண்டானது, லயத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தவர். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 100க்கு 31 பேருக்கு இரத்தத்தில் சர்க்கரை அளவு கூடுதல். ஆகவே மாணவர்கள் சுற்றி நின்று பாடம் படிக்கும் கட்டில் நம்மவருடையதாகவும் இருக்கலாம்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். எழுபது வயது அம்மா, இனிப்புநீர், வலது காலில் ஆறாத புண். நிபுணர் வருகிறார், பின்னால் ஆறு மாணவர்கள். "என்ன செய்வாய்?" என்று ஒருவனைக் கேட்கிறார். அவன் ஏதோ ஒரு மருந்தின் பெயரைச் சொல்கிறான். "இதுகூடத் தெரியாமல் எதற்கு வந்தாய்?" என்று ஒரு அதட்டல். சரியான விடையை அவரே சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். எல்லாம் ஆங்கிலத்தில், அந்த அம்மாவின் தலைக்கு மேலே. மாணவன் கற்றது ஒன்றே ஒன்று: இனிமேல் வாயைத் திறக்கக் கூடாது.

பயிற்சி பெற்ற ஆசிரியர் அதே இடத்தில் என்ன செய்வார்? முதலில் அந்த அம்மாவிடம், "இவர்கள் படிக்கிற பிள்ளைகள், பார்க்கலாமாம்மா?" என்று அனுமதி கேட்பார். பிறகு மாணவனிடம், என்ன நினைக்கிறாய் என்பார். எதை வைத்து அப்படி நினைத்தாய் என்பார். அவன் சொன்னதில் எது சரி என்று எடுத்துச் சொல்லி, விட்டதைத் திருத்தி, அடுத்த நோயாளிக்கும் பொருந்தும் பொது விதி ஒன்றைக் கொடுப்பார். 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சிலர் எழுதி வைத்த ஐந்து படி முறை இது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். "எதை வைத்து?" என்று கேட்டவுடனே, மாணவன் மற்றக் காலைப் பார்க்கவே இல்லை என்பது வெளிப்படும். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கவில்லை, அந்த அம்மா வீட்டில் வெறுங்காலோடு நடப்பவரா என்று கேட்கவில்லை என்பதும் தெரியவரும். அதட்டினால் இவை தெரியவராது. ஒரு காலைக் காப்பாற்றுவது சில வேளை இந்தக் கேள்விதான்.

இதையெல்லாம் கற்றுத் தருவதுதான் மருத்துவ ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பட்டறை. புதிய விஷயமல்ல. 1950களில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் என்ற டாக்டர், மருத்துவப் பேராசிரியர்களையும் கல்வித் துறைப் பேராசிரியர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகம் 1973இல் மருத்துவக் கல்விக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. 1975இல் புதுச்சேரி ஜிப்மரில், உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் வந்தது. இந்தியாவில் இன்று இத்தகைய அடிப்படைப் பயிற்சி, பதவி உயர்வுக்கான விதிகளிலேயே இடம்பெற்றுவிட்டது.

பட்டறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 'நுண்கற்பித்தல்'. பெரிய நிபுணர் ஒருவர் ஏழெட்டு நிமிடம் பாடம் நடத்த வேண்டும். சக டாக்டர்கள் மாணவர்களாக உட்காருவார்கள், ஒளிப்பதிவும் நடக்கும். பிறகு அவரே அதைப் பார்க்க வேண்டும். நாற்பது படத்தட்டுகளை வேகமாக ஓட்டியதும், ஒருவரையும் நிமிர்ந்து பாராமல் திரையோடு பேசியதும் அப்போதுதான் கண்ணில் படும். முகம் வெளிறும். மறுபடி நடத்துவார், இந்தத் தடவை நன்றாக இருக்கும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பால்வெட்டு யாரும் சொற்பொழிவு கேட்டுக் கற்றதில்லை. கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் விழும், பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. பக்கத்தில் நின்றவர் அந்த மரத்திலேயே, அந்த நிமிடமே கையைத் திருத்தினார்.

எல்லாப் பட்டறையும் இப்படி நடக்கிறதா என்றால், இல்லை. தங்கும் விடுதியில் ஒரு நாள், இரண்டு தேநீர், குழுப்படம், சான்றிதழ்! நம் நாட்டில் டாக்டர்கள் தொழில் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் தேவை. புள்ளிக்காக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் கைப்பேசியோடு உட்காருபவர்களும் உண்டு. இளம் விரிவுரைஞர்களை மட்டும் அனுப்புவதும் வீண்வேலை. அவர் திரும்பி வந்து புது முறையில் கேள்வி கேட்டால், "இங்கே அப்படியெல்லாம் வேண்டாம்" என்று சொல்லத் துறைத்தலைவர் காத்திருப்பார். என்னைக் கேட்டால், தலைவர்தான் முதலில் போக வேண்டும். மூன்று மாதம் கழித்து யாராவது ஒருவர் வார்டுக்கே வந்து, அவர் கற்பிப்பதைப் பார்க்கவும் வேண்டும்.

2022இல் பயிற்சி மருத்துவர்கள் நடத்தப்படும் விதம் பெரிய விவாதமாகி, வேலைப் பண்பாட்டைச் சீர்படுத்தச் சுகாதார அமைச்சு பணிக்குழு அமைத்தது நினைவிருக்கும். "நாங்களும் திட்டு வாங்கித்தான் படித்தோம்" என்ற பேச்சு அப்போதும் கேட்டது. திட்டு வாங்கியும் படித்தார்கள் என்பதே சரி. அந்தத் திட்டில் படிப்பை விட்டுப் போனவர்கள் இங்கே வந்து பேசவில்லையே!

டாக்டர்கள் சொல்லும் ஒரு காரணத்தை நான் ஒதுக்க மாட்டேன்: நேரமில்லை. வெளிநோயாளர் பிரிவில் வரிசை கதவைத் தாண்டி நிற்கிறது, மூன்று நாள் பட்டறைக்குப் போனால் யார் பார்ப்பது? அந்த நாள்களுக்கு மாற்று டாக்டரை நியமிக்கும் செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும். மாணவர் கட்டணம் அதற்கும் சேர்த்துத்தானே?

இனி ஏதாவது மருத்துவக் கல்லூரியின் விளக்கக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர், விடுதியில் குளிர்சாதனம் உண்டா என்று கேட்டு முடித்ததும் இதையும் கேளுங்கள்: "உங்கள் விரிவுரைஞர்கள் பாடம் நடத்துவதை யார் வந்து பார்க்கிறார்கள்? கடைசியாக எப்போது பார்த்தார்கள்?"