கல்லாவில் விழும் தருமக்காசு



மகமை என்னும் சொல் உங்களிற் பலருக்குப் புதிதாயிருக்கலாம். உங்கள் பாட்டனார் மதுரைக் கீழமாசி வீதியிலோ விருதுநகரிலோ வணிகம் செய்தவராயின், அவர் அதன் பொருளை நொடியில் சொல்லிவிடுவார். விற்கும் மூட்டைக்கு இவ்வளவு, வரும் வருவாய்க்கு இவ்வளவு என்று வணிகர் ஒரு சிறு பகுதியைப் பொதுக் காரியத்துக்கென ஒதுக்கி, அதற்குத் தனிக் கணக்கு எழுதி வைப்பதே மகமையாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருமங்கலம், விருதுப்பட்டி, அருப்புக்கோட்டை, சிவகாசி முதலிய ஊர்களில் கடை வைத்த நாடார் வணிகர்கள் பேட்டைகளை அமைத்தார்கள். வண்டியும் மாடும் சரக்கும் கள்வர் பயமின்றி இரவில் தங்குவதற்கு ஏற்பட்ட, மதில் சூழ்ந்த இடங்கள் அவை. அவற்றைப் பேணுவதற்கு மகமைப் பணம் பயன்பட்டது. பிறகு அதே பணம் கிணறாயிற்று, கோயிலாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று. 1923-இல் விருதுநகர் என்று பெயர் மாறிய அந்த விருதுப்பட்டியில், 1889-இல் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியது. வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைப்பார்கள்; அப்பிடியரிசி திரட்டி விற்கப்பட்டு அப்பள்ளிக்கு உதவிற்று. காமராசர் படித்தது அப்பள்ளியிலேதான்.

இப்பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். இன்று நீங்கள் ஒரு பெரிய பல்பொருள் அங்காடிக்குச் சென்று 497 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறீர்கள். கல்லாவில் இருப்பவர், “ஐந்நூறாக முழுமைப்படுத்திக் கொள்ளலாமா? மூன்று ரூபாய் ஏழைக் குழந்தைகளுக்குப் போகும்” என்கிறார். பின்னால் வரிசை நிற்கிறது. மூன்று ரூபாய்க்கு மறுப்புச் சொல்ல நாணமாயிருக்கிறது. தலையசைத்துவிட்டு வருகிறீர்கள். இப்படித் திரண்ட பணத்தால் கடைக்கு ஆதாயம் உண்டாகலாமா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மூன்று ரூபாய் என்று இகழ வேண்டா. ஒரு கடையில் நாளொன்றுக்கு ஆயிரம் பேர் இசைந்தால் 3,000 ரூபாய். ஆண்டு முழுவதற்கும் 10,95,000 ரூபாய். ஓர் ஊரில் அத்தகைய கடைகள் பல இருப்பின் மீதியை நீங்களே பெருக்கிக் கொள்ளுங்கள்.

இப்பணத்தை அப்படியே விழுங்கிவிடும் கடைக்காரரைப் பற்றிப் பேச்சே வேண்டியதில்லை. அது களவு. நான் கருதுவது கண்ணுக்குத் தெரியாத ஆதாயங்களை. பணம் ஆறு மாதம் கடையின் வங்கிக் கணக்கில் கிடந்து வட்டி ஈட்டினால் அவ்வட்டி யாருடையது? குழந்தைகளுடையது என்பேன், முதல் அவர்களுடையதாயின் வட்டி மட்டும் எவ்வாறு கைமாறும்? அடுத்தது வரி. நன்கொடைக்கு வருமான வரிச் சட்டம் தரும் சலுகை, கொடுத்தவருக்கு உரியது. ஆயிரம் பேர் கொடுத்ததைக் கடை தன் பெயரில் ஒரே காசோலையாக அனுப்பினால், இரசீது கடையின் பெயருக்கு வரும். வரவில் காட்டாத பணத்தைத் தன் கொடையாகக் காட்டி அச்சலுகையைக் கேட்குமாயின், பிறர் ஈகையில் அது வரி மிச்சம் பிடிக்கிறதன்றோ?

நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் இவ்விஷயத்தை ஆராய்ந்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் ஹாத்ரஸ் நகரத்தைச் சேர்ந்த பிஜ்லி பருத்தி ஆலை, நூல் விற்கும்போது விலையோடு “தர்மாதா” என்று ஒரு தொகையையும் வாங்கித் தனிக் கணக்கில் வைத்து வந்தது. வடக்கே நெடுங்காலமாக வழங்கும் வணிக மரபு அது. நம் மகமைக்கு உடன்பிறப்பு எனலாம். அப்பணம் ஆலையின் வருமானமே என்றது வரித்துறை. 1970-களின் இறுதியில் வந்த தீர்ப்பு அதை மறுத்தது. வாங்கும்போதே அறத்துக்கென்று குறிக்கப்பட்ட பணம் வணிகரின் வருவாய் ஆகாது. அதை அவர் பொறுப்பேற்று வைத்திருக்கிறார், அவ்வளவே என்பது அதன் சாரம். வணிகருக்கு வரியிலிருந்து விடுதலை தந்த தீர்ப்பு இது. ஆயினும், “இது என் பணம்” என்று சொல்லும் உரிமையையும் அது சேர்த்தே எடுத்துவிட்டது என்பதை ஊன்றிப் பார்த்தால் அறியலாம்.

பள்ளிக்கூடத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். தலைமையாசிரியனாக இருந்தவனுக்கு அப்பழக்கம் போகாது. ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடிநாள். 1949 முதல் கொண்டாடப்படுகிறது. படைவீரர் நலனுக்காக மாணவர்கள் சிறு கொடிகளைக் கொடுத்துக் காசு திரட்டுவார்கள். மதுரையைச் சுற்றிய கிராமங்களில் பருத்திக் காட்டிலும் நெல்வயலிலும் கூலி வேலை செய்த பெற்றோரின் பிள்ளைகள், முடிச்சவிழ்த்த நாணயங்களைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்ததுண்டு. எண்ணி, வகுப்புவாரியாக எழுதி, பலகையில் தொகையைக் குறித்து, அனுப்பிவைப்போம். “தலைமையாசிரியர் அளித்த நன்கொடை” என்று நான் அதைப் பத்திரிகைக்குச் செய்தியாகக் கொடுத்திருந்தால், ஆறாம் வகுப்புப் பையன்கூடச் சிரித்திருப்பான்.

கடைகள் அதைத்தான் சிரிக்காமல் செய்கின்றன. வாடிக்கையாளர் தந்த காசு பெரிய அட்டைக் காசோலையாகி, முதலாளி நடுவில் நிற்கப் படம் எடுக்கப்படுகிறது. பெயர் என்பதும் வணிகத்தில் முதலே. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காடேனும் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தன் சரக்குக்கு விளம்பரப் பயன் தேடி அளிக்கும் ஆதரவு அதில் சேராது என்று விதிகள் விலக்கியும் இருக்கின்றன. இங்கிலாந்தில் 1992-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம், விலையில் ஒரு பங்கு அறத்துக்குப் போகும் என்று சொல்லி விற்பவர், எவ்வளவு என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று கட்டளையிட்டது.

“கடை கேளாவிட்டால் அந்த மூன்று ரூபாய் குழந்தைகளுக்குக் கிடைக்குமா? சிறிது புகழ் போனால் போகட்டுமே” என்று வாதிப்பவர் உண்டு. அவ்வாதத்தில் வலிமை இருக்கிறது. பணம் திரட்டும் உழைப்புக்கு நன்றி சொல்வதில் எனக்குத் தடையில்லை. “எம் கடையின் வழியாக வாடிக்கையாளர்கள் அளித்தது” என்று எழுதிவிட்டுப் படம் எடுத்துக் கொள்ளட்டும்.

மகமையிலும் குறை இல்லாமல் இல்லை. சரக்கு கொண்டுவந்த வெளியூர் உழவர் அதன் சுமையில் ஒரு பங்கைத் தாங்கியிருக்கலாம். உறவின்முறைக் கூட்டத்தில் அவருக்கு இடமேது? ஆனால் உறவின்முறையைச் சேர்ந்த வணிகர், முறைகாரரிடம் கணக்கைக் கேட்க முடியும்; கொடுத்த பணம் எழுப்பிய பள்ளிச் சுவரைத் தம் தெருவிலேயே பார்க்க முடியும். இன்று கல்லாவில் தலையசைக்கும் நமக்கு அந்த இரண்டும் இல்லை.

ஆகவே அடுத்த முறை உங்களைக் கேட்டால், கல்லாவில் அமர்ந்திருக்கும் பெண்ணிடம் சினந்து கொள்ளாதீர்கள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவள் சொல்கிறாள். பில்லில் அத்தொகை தனி வரியாக இருக்கிறதா, பெறும் இல்லத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் மேலாளரைக் கேளுங்கள். சென்ற மாதம் வாடிக்கையாளர் தந்தது இவ்வளவு, அனுப்பிய தேதி இது, பெற்ற இல்லம் இது என்று ஒரு தாளைச் சுவரில் ஒட்டினால் போதும். பழைய பேட்டைக் கணக்கப்பிள்ளைக்கு அதற்கு அரைநாள் ஆகியிருக்கும். இக்காலத்துப் பில் இயந்திரம் ஒரு பொத்தானை அழுத்தினால் கூட்டித் தந்துவிடும்.