ஐந்தாம் அடுக்கும் ஆறாம் அடுக்கும்



கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் அச்சகம் ஒன்றுக்குத் திருமண அழைப்பிதழ் இணையவழி அனுப்பப்படுவதாகக் கொள்வோம். கோப்பில் ஒரு பைட்டும் குறையவில்லை. திறந்தால் மணமக்கள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஐரோப்பிய எழுத்துகள் கலைந்து கிடக்கின்றன. தொண்ணூறுகளில் கணினி தொட்ட நம்மவர் பலர் இக்காட்சியைக் கண்டிருப்பர். பழுது எங்கே நேர்ந்தது?

பன்னாட்டுத் தர அமைப்பு 1984இல் வெளியிட்ட ஏழடுக்கு மாதிரியில் இதற்கு விடை உண்டு. கீழுள்ள நான்கு அடுக்குகள் பைட்டுகளைக் கொண்டுசேர்க்கின்றன. ஐந்தாவதாகிய அமர்வு அடுக்கு, உரையாடலைத் தொடங்கி, பேசும் முறையை வகுத்து, இடையிடையே எல்லைக்கல் நட்டு, தொடர்பு அறுந்தால் கடைசிக் கல்லிலிருந்து தொடரச் செய்கிறது. ஆறாவதாகிய வழங்கல் அடுக்கு, இந்தப் பைட்டு இந்த எழுத்து என்னும் உடன்பாட்டை இரு முனைக்கும் பொதுவாக்குகிறது. இன்றைய இணையத்தில் இவை தனி அடுக்குகளாக இல்லை. இப்பணிகளைப் பெரும்பாலும் செயலிகளே செய்கின்றன. வங்கித் தளத்தில் நுழைந்தபின் பக்கந்தோறும் கடவுச்சொல் கேட்காதிருப்பது அமர்வுப் பணியே.

தமிழ் இடறியது ஆறாவதில். எட்டு பிட்டில் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்திற்குப் போக, எஞ்சியவற்றில் எழுத்துரு செய்தோர் தத்தம் விருப்பப்படி தமிழை அடுக்கினர். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கித் தந்தார். திஸ்கி என்னும் பொதுமுறை வந்தது. 1999 சென்னை மாநாட்டை ஒட்டி டாப், டாம் எனத் தரங்கள் வந்தன. தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரிலேயே கூடியது. தரம் பலவாயின் அதனைத் தரம் என்பதில் பொருளில்லை என்பது நம் கருத்து. 1991 முதலே தமிழுக்கு இடம் தந்திருந்த ஒருங்குறி, மெல்ல மெல்ல அப்பொது உடன்பாடாயிற்று.

பழைய கோப்பை மாற்றுவது எழுத்துக்கு எழுத்து இடும் எளிய வேலையன்று. 'கொ' என்பதைத் திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் எனச் சேமிக்கும். ஒருங்குறியிலோ ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னும் நிற்கும். ஆகவே மாற்றி வரிசையையும் திருப்ப வேண்டும். 'தமிழ்' என்னும் மூன்றெழுத்து, ஒருங்குறியில் ஐந்து குறிகள்; யூடிஎப்-8 முறையில் 15 பைட்டுகள்.

இன்றைய மின்னஞ்சல் தன் குறிமுறையைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. நம் சங்கங்களும் ஆலயங்களும் அன்று தட்டச்சிட்ட மலர்களின் வெற்றுரைக் கோப்புகளில் அக்குறிப்பு இல்லை. எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதற்கு அந்த எழுத்துருவே தெளிவான சான்று. எனவே பொறுப்பாளர்களிடம் நாம் வேண்டுவது: பழைய வட்டுகளைப் படியெடுக்கும்போது, கோப்புடன் அதன் எழுத்துருவையும் சேர்த்தே எடுத்து வையுங்கள், மாற்றியபின் மூலத்தை அழித்துவிடாதீர்கள்.