தெரியாததும் மறந்ததும்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள். ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையுங்கள். இவை நம் வகுப்புத் தேர்வு வினாக்கள் அல்ல. முதியோரின் நினைவாற்றலை அறிய 1975-இல் அமெரிக்காவில் உருவான 30 மதிப்பெண் சோதனையில் உள்ளவை.

பள்ளி வாசலையே மிதிக்காத எழுபது வயதுப் பாட்டியிடம் இவற்றைக் கேட்டால் என்ன ஆகும்? சந்தையில் மனக்கணக்காலேயே வரவு செலவு பார்ப்பவர் அவர். ஆனாலும் மதிப்பெண் குறையும். உடனே மறதிநோய் என்று முடிவு கட்டலாமா? தெரியாதது வேறு, மறந்தது வேறு. கல்வி எட்டாத ஊர்களுக்குச் செல்லும் நரம்பு உளவியல் பயிற்சியாளர் முதலில் கற்க வேண்டிய பாடம் இது.

ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களுக்காக 1990-களில் இச்சோதனையை இந்தியில் மாற்றி அமைத்தார்கள். ‘கண்களை மூடுங்கள்’ என்ற வரியைப் படித்துச் செய்வதற்குப் பதிலாக, ‘நான் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்’ என்றார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக வாயால் சொல்ல வைத்தார்கள். எழுத்தறிவை விட்டுவிட்டு மூளையின் திறனை மட்டும் அளக்கும் முயற்சி அது.

மறுபக்கமும் உண்டு. ‘படிக்காதவர், வயதாகிவிட்டது, அப்படித்தான்’ என்று ஒதுக்கினால் உண்மையான நோய் கண்ணில் படாமலே போகும். ஆகவே பயிற்சியாளர் வீட்டாரிடமும் கேட்கிறார்: போன வருடம் செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை? பழகிய தெருவில் வழி தவறுகிறாரா?

இதில் நமக்கென்ன வேலை? லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்கிறது. காது மந்தம், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, தனிமை ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. இளமைப் பருவத்துக்கான காரணி ஒன்றே ஒன்று: குறைந்த கல்வி. படிப்பு மூளைக்கு ஒரு சேமிப்பு. முதுமையில் பாதிப்பு வரும்போது அது தாங்கிப் பிடிக்கிறது.

எட்டாம் வகுப்போடு நிற்கப்போகும் ஒரு மாணவியின் வீட்டுக்கு நாம் நடக்கும் நடை, அவளுடைய எழுபதாவது வயதுக்கும் சேர்த்துத்தான். அங்கே திண்ணையில் இருக்கும் பாட்டியிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். காது சரியாகக் கேட்கிறதா, இரத்த அழுத்தம் பார்த்தார்களா என்று விசாரியுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வருவதை நினைவூட்டுங்கள்.